மாசி யாருடைய சொல்?

எனது சிறுகதையொன்றில் மரணப் படுக்கையில் கிடக்கும் மூத்தம்மா ஒருவர், ஸஹர் நேரத்தில் ரொட்டியும் மாசிச் சம்பலும் கேட்பார். தமிழகத்தில் வெளியான ஒரு தொகுப்பில் அக்கதை வந்தபோது, அந்த மூத்தம்மா 'கருவாட்டுத் துவையல்' கேட்டிருந்தார். தன் வாழ்நாளில் ஒருபோதும் உச்சரித்திராத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அந்த அப்பாவிப் பெண் மவுத்தாகிப் போனார்.

தொகுப்பாசிரியரிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஈழத்து எழுத்தின் மீது உண்மையான அக்கறை உள்ளவர். "எங்கள் வாசகருக்கு மாசி என்றால் மாதம்தான் ஞாபகம் வரும்" என்றார். தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ ஒரு கருவாட்டுக் கடையில் அவர் விசாரித்திருந்தால், அவருடைய வாசகர்களிலேயே பலர் மாசியை நன்கறிந்தவர்கள் என்பது தெரிந்திருக்கும். தனக்குத் தெரியாத சொல் தமிழுக்கே தெரியாத சொல் என்று அவர் எண்ணிவிட்டார்.

இதை ஒரு தனிமனிதனின் மனக்குறையாக எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால், இதே சொல்லைப் பற்றி இதன் பின்னர் நான் கேட்ட இரண்டு விளக்கங்கள் என்னை எழுதத் தூண்டின.

முதலாவது, ஓர் இலக்கியக் கூட்டத்தில் தமிழறிஞர் ஒருவர் சொன்னது. மாசி மாதத்தில் பிடித்து உலர்த்தப்படும் மீன் என்பதால் அதற்கு மாசி என்று பெயர் வந்ததாம். எனவே அது தூய தமிழ்ச் சொல்லாம். சபை கைதட்டியது. முஸ்லிம்களாகிய நாங்கள்தான் கூடுதலாகக் கைதட்டினோம். எங்கள் அடுப்படியில் கிடந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்ப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டதல்லவா?

இரண்டாவது, எமது சமூகத்தைச் சேர்ந்த படித்த இளைஞர் ஒருவர் சொன்னது. மாசி அறபுச் சொல் என்றார் அவர். ஆதாரம் கேட்டேன். "இப்னு பதூதாவே தனது பயண நூலில் எழுதியிருக்கிறாரே" என்றார்.

ஒருவர் சொல்லை வெட்டினார். ஒருவர் அதற்குத் தமிழ்ச் சாயம் பூசினார். மற்றவர் அறபுச் சாயம் பூசினார். மூவருமே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பார்ப்போம்.

மாசி என்பது ஒரு மீன் இனத்தின் பெயரல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். கடலில் அது சூரை. சிங்களத்தில் பலயா. விஞ்ஞானிகள் கட்சுவோனஸ் பெலமிஸ் என்பார்கள். அந்தச் சூரையின் தலையையும் குடலையும் நீக்கி, சதையை நான்கு பாளமாகப் பிளந்து, உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டை போல் இறுகும்வரை காயவைத்தால் கிடைப்பதுதான் மாசி. உரலில் இட்டு இடித்தால்தான் சம்பலுக்கு உதவும். சீனிச் சம்பலுக்கும் தேங்காய்ச் சம்பலுக்கும் அது இல்லாவிட்டால் ருசி இல்லை என்பது இந்த நாட்டின் எல்லா இனத்தாரும் ஒத்துக்கொள்ளும் அபூர்வமான உண்மைகளில் ஒன்று.

ஒரே மீன் பச்சையாக இருக்கும்போது சூரை, புகையூட்டிக் காய்ந்தபின் மாசி. ஏன் இப்படி இரண்டு பெயர்? காய்ந்த நெத்தலி நெத்தலிக் கருவாடுதான். காய்ந்த சுறா சுறாக் கருவாடுதான். சூரைக்கு மட்டும் ஏன் பெயரே மாறிப் போனது? விடை எளிது. சூரை எங்கள் வலையில் அகப்பட்ட மீன். மாசி வேறொரு நாட்டார் பதம் செய்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து விற்ற பண்டம். பண்டத்தோடு அதன் பெயரும் வந்து இறங்கியது.

அந்த நாடு மாலைதீவு. அந்நாட்டின் திவெஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். எந்த மீனும் மஸ்தான். சூரை 'களுபிலமஸ்', காய்ந்த மாசி 'ஹிகிமஸ்', புகையூட்டியது 'வலோமஸ்'. தேங்காய்ப் பூவும் மீனும் சேர்த்துப் பிசைந்து அவர்கள் காலையில் உண்பது 'மஸ்ஹுனி'. திவெஹி, சிங்களத்துக்கு நெருங்கிய உறவுள்ள மொழி. வடமொழியின் 'மத்ஸ்ய' என்ற சொல்லே பிராகிருத வழியாகத் தேய்ந்து அங்கே 'மஸ்' ஆனது.

மெய்யெழுத்தில், அதுவும் 'ஸ்' என்ற ஒலியில் முடியும் சொல்லைத் தமிழ் நாக்கு அப்படியே விட்டுவைப்பதில்லை. இறுதியில் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலேயரின் 'கோச்' எங்களிடம் கோச்சியானது. இன்றும் ஊரில் ரயிலைக் கோச்சி என்போர் இருக்கிறார்கள். அந்த வழியில்தான் 'மாஸ்' மாசியானது. சிங்களத்தார் வழியாக இச்சொல் எம்மிடம் வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். வந்திருக்க முடியாது. சிங்களத்தில் இப்பண்டத்தின் பெயர் உம்பலகட. அவர்களிடமிருந்து எடுத்திருந்தால் நாம் அதையல்லவா எடுத்திருப்போம்? மாலைதீவாரிடமிருந்தே நேராக வாங்கியவர்களின் வாயில்தான் 'மாஸ்' மாசியாகியிருக்க முடியும். இந்தச் சொல், எமது முன்னோர் அந்தத் தீவாரோடு முகத்துக்கு முகம் நின்று வியாபாரம் பேசியதன் தடயம்.

இனி மாதக் கதைக்கு வருவோம். சூரை மாலைதீவுக் கடலில் ஆண்டு முழுவதும் பிடிபடும் மீன். மாசி மாதத்துக்காக அது காத்திருப்பதில்லை. மாசி மாதத்தில் மட்டும் செய்து அடுத்த மாசிவரை விற்றார்கள் என்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. அதைவிடச் சுவாரசியமான ஒன்று உண்டு. மாசி என்ற மாதப் பெயரே மக நட்சத்திரத்தை ஒட்டிய 'மாக' என்ற வடமொழிப் பெயரிலிருந்து வந்தது. தூய தமிழைத் தேடிப் போன அறிஞர் ஒரு வடமொழிச் சொல்லிலிருந்து தப்பி இன்னொரு வடமொழிச் சொல்லின் மடியில் போய் விழுந்திருக்கிறார். கைதட்டிய நாமும் சேர்ந்துதான் விழுந்தோம்.

தூய்மை பேசுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மத்ஸ்ய' என்ற அதே சொல் 'மச்சம்' என்ற வடிவிலும் தமிழில் இருக்கிறது. விரத நாளில் 'இன்று மச்சம் இல்லை' என்று சொல்லும் யாழ்ப்பாணத்து இந்து அம்மையாரும், மாசிச் சம்பல் இடிக்கும் கிழக்கின் முஸ்லிம் மூத்தம்மாவும் ஒரே சொல்லைத்தான் இரு வடிவில் பாவிக்கிறார்கள். ஒன்று ஏட்டின் வழியாகத் தரையால் வந்தது. மற்றது கப்பலில் கடலால் வந்தது. அவருடைய வாயில் பொருள் விரிந்து, மாமிச உணவு அனைத்தையும் குறித்தது. இவருடைய வாயில் பொருள் சுருங்கி, ஒரேயொரு பண்டத்தைக் குறித்தது. மச்சத்தைத் தமிழென்று ஏற்பவர் மாசியை அந்நியமென்று அடிக்குறிப்புக்குத் தள்ளுவது எந்த நியாயத்தில்?

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையுமல்ல. வடமொழியில் உள்ள 'மீன' என்ற சொல் திராவிட மொழிகளின் 'மீன்' என்பதிலிருந்து சென்றது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. அவர்கள் எமது மீனை எடுத்தார்கள்; நாம் அவர்களுடைய மச்சத்தை எடுத்தோம். மாலைதீவாரிடமும் அப்படித்தான். அவர்கள் மீன் பிடிக்கச் செல்லும் படகின் பெயர் 'தோனி'. அது எமது தோணி. தோணியைக் கொடுத்து மாசியை வாங்கிய இனம் வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

இலட்சத்தீவுகளில் இதே பண்டத்தை 'மாஸ்மீன்' என்கிறார்கள். மலையாளமும் திவெஹியும் சந்திக்கும் தீவுகள் அவை. மாஸ் என்றாலும் மீன்; மீன் என்றாலும் மீன். இரண்டு மொழிக்காரரும் தத்தம் சொல்லை விட்டுக்கொடுக்காமல் ஒரே துண்டு மீனுக்கு இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். எமது தூய்மைவாதிகளைவிட அந்த மீனவர்களுக்குப் பெரிய மனது.

இனி எமது இளைஞரின் அறபுக் கதை. இப்னு பதூதா 1343இல் மாலைதீவை அடைந்தார். அங்கே காழியாகவும் கடமையாற்றினார். அந்த மீனைப் பற்றி அவர் எழுதியிருப்பது உண்மைதான். தீவார் அதை நான்கு துண்டாக வெட்டிச் சிறிது அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியாவதையும் குறித்திருக்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் கண்ட செய்முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. அதன் பெயரை அவர் 'குல்புல் மாஸ்' என்று அறபு எழுத்தில் பதிந்தார். எப்படிப் பதிந்தார்? 'அவர்கள் இப்படி அழைக்கிறார்கள்' என்று பதிந்தார். அதாவது, அது தனது மொழிச் சொல் அல்ல என்பதை அவரே சொல்லிவிட்டார். களுபிலமஸ் என்று தீவார் சொன்னதே அவருடைய காதில் அப்படி விழுந்தது.

அறபு எழுத்தில் அச்சொல்லைப் பார்ப்பவர் முதல் எழுத்தின் உயிர்க்குறியை மாற்றிக் 'கல்புல் மாஸ்' என்று வாசித்தால், அது 'வைரத்தின் இதயம்' என்று பொருள் தரும். எவ்வளவு அழகான கற்பனை! ஆனால் அந்த அழகில் மயங்கி, வெயிலில் காயும் மீனை வைரமாக்கினால், எழுதிய இப்னு பதூதாவே சிரிப்பார். சொல்லின் வேர் தேடுபவன் முதலில் அஞ்ச வேண்டியது இத்தகைய அழகுகளுக்குத்தான். மாசி மாதக் கதையும் வைரக் கதையும் ஒரே வகைப் பொய். கேட்பவருக்கு இனிப்பதே அவற்றின் ஒரே ஆதாரம்.

இப்னு பதூதாவுக்குப் பின் வந்தவர்களும் இச்சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். 1602இல் மாலைதீவில் கப்பல் உடைந்து, 1607வரை அங்கே தங்க நேர்ந்த பிரான்சியர் பிரான்சுவா பிரார், அதைக் கறுப்பு மீன் என்ற பொருளுள்ள தீவுச் சொல்லாகவே விளக்கினார். இருவரும் தாம் கேட்டதைக் கேட்டபடி எழுதிவைத்தார்கள். அவர்கள் அந்நியர்கள். நாமோ அந்தப் பண்டத்தை அன்றாடம் உண்பவர்கள், நாம் இட்டுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இளைஞரின் மனதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஒரு சொல் அறபு என்றால் அதற்கு ஒரு கண்ணியம் வந்துவிடுவதாக அவர் நினைக்கிறார். அவருக்கு மாலைதீவாரையே உதாரணம் காட்டலாம். 1153இல் இஸ்லாத்தைத் தழுவிய நாடு அது. அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது; அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அறபு எண்களிலிருந்து பிறந்தவை. ஆனாலும் மீனுக்கு அறபியில் உள்ள 'ஸமக்' என்ற சொல்லை அவர்கள் தேடிப் போகவில்லை. முன்னோர் சொன்ன மஸ்ஸையே இன்றும் சொல்கிறார்கள். அதனால் அவர்களுடைய ஈமான் குறைந்துவிட்டதா? நாமும் தமிழை அறபு எழுத்தில் எழுதியவர்கள். அறபுத் தமிழில் எழுதியதால் 'நோன்பு' அறபாகிவிடவில்லை. எழுதியவரின் மார்க்கமும் குறைந்துவிடவில்லை.

இதில் எமது எழுத்தாளர்களின் பொறுப்பையும் மறைக்க முடியாது. மேடை கிடைத்தால் நாம் என்ன சொல்வோம்? தொழுகை, நோன்பு, பள்ளி, ஆணம், பசியாறுதல் என்று அடுக்குவோம். மற்றவர் மறந்த தமிழை நாம்தான் காத்தோம் என்போம். அது உண்மை, பெருமைப்படத் தக்கதும்கூட. ஆனால் அந்தப் பட்டியலை நாம் யாருக்குக் காட்டுகிறோம்? எங்கள் தமிழைச் சந்தேகிப்பவருக்கு. எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் விண்ணப்பப் படிவம் அது. அதில் மாசி இடம்பெறாது. கோச்சி இடம்பெறாது. துறைமுகத்திலும் சந்தையிலும் நாம் பெற்ற சொற்கள் எதுவும் இடம்பெறாது. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது பழைய பாய்களைச் சுருட்டி ஒளித்துவைப்பதைப் போல அவற்றை ஒளித்துவைக்கிறோம். பின்னர் ஒரு தொகுப்பாசிரியர் அவற்றை வெட்டும்போது மட்டும் கோபப்படுகிறோம். ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுத்தவர்களே நாம்தானே!

ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. அது யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் எல்லாப் பிழையும் தொடங்குகிறது. மாசி மாலைதீவில் பிறந்தது. ஆனால் 'மாசி இடித்தாச்சா?' என்று அடுப்படியிலிருந்து உம்மா கேட்ட நாளிலேயே அது எங்களுடையதாகிவிட்டது. பிறந்த இடத்தை மறைத்து எங்களுடையதாக்க வேண்டிய அவசியமில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று சிலர் நினைக்கலாம். சொல் போனால் என்ன போகும் என்பதற்கு இரண்டு சங்கதிகளைச் சொல்கிறேன்.

மாலைதீவு மாசிக்கு நெடுங்காலம் இலங்கையே பெரும் சந்தை. ஒல்லாந்தர், பிரித்தானியர் காலங்களில் சுல்தானின் தூதுவர்கள் ஆண்டுதோறும் கொழும்புக்கு வந்து ஆளுநரைக் கண்டு போனார்கள். 1887 தொடக்கம் 1965வரை அந்நாடு பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தபோதும் தொடர்பு பெரும்பாலும் கொழும்பு வழியாகவே நடந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியைக் கட்டுப்படுத்த, மாசிச் சந்தை வீழ்ந்தது. தீவார் பச்சை மீனை யப்பானியக் கம்பனிகளுக்கு விற்கத் திரும்பினார்கள். எங்கள் வீட்டில் மாசி தகரப் பேணிக்குள் போய்ப் பூட்டப்பட்டது அந்தக் காலத்தில்தான். பெருநாளைக்கும் விருந்தாளிக்கும் மட்டும் பேணி திறக்கும். மாசி என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு கடல் வழியும் ஒரு பஞ்ச காலமும் கிடக்கின்றன. 'கருவாடு' என்று அதை மாற்றும்போது வெட்டப்படுவது இந்த வரலாறு.

மற்றச் சங்கதி இன்னும் கசப்பானது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்க் கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் புத்தளத்தின் முகாம்களில் வந்து சேர்ந்தன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வாப்பாவின் கடலும் இல்லை. அந்தக் கடலின் மீன்களும் இல்லை. மீன் இல்லாத இடத்தில் மீனின் பெயர் எத்தனை நாள் உயிர்வாழும்? வீட்டையும் காணியையும் இழந்தது பற்றி எழுதினோம்; எழுத வேண்டும். வாயிலிருந்து உதிர்ந்துபோன சொற்களுக்கு யாரும் பதிவேடு வைக்கவில்லை. நட்ட ஈடு கேட்கவும் இடமில்லை.

ம. மு. உவைஸ் போன்றோர் எமது காப்பியங்களையும் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் தேடித் தொகுத்தார்கள். அந்தப் பெரும் பணியால்தான் இன்று எமக்கு ஓர் இலக்கிய வரலாறு இருக்கிறது. அடுப்படிக்கும் துறைக்கும் சந்தைக்கும் அப்படியொரு தொகுப்பு இன்னும் தேவை. அதற்குப் பட்டமும் பல்கலைக்கழகமும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும். உங்கள் ஊர்த் துறைக்குப் போங்கள். ஒவ்வொரு மீனுக்கும் என்ன பெயர், சின்னதாய் இருக்கும்போது என்ன பெயர், காய்ந்தபின் என்ன பெயர் என்று கேளுங்கள். சொன்னவர் எந்த ஊர் என்பதையும் எழுதிவையுங்கள். வேர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான இடத்தைப் பின்னால் வருபவர் நிரப்புவார். பொய்யால் நிரப்பிய இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

தொகுப்பாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கதையில் உங்களுக்கு விளங்காத சொல் வந்தால் எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம். வாசகரை நம்புங்கள். தமிழக எழுத்தாளர்கள் எழுதிய எத்தனையோ வட்டாரச் சொற்களை அடிக்குறிப்பின்றியே நாம் படித்து விளங்கிக்கொண்டோம். அந்தப் பொறுமையை எமது மூத்தம்மாவுக்கும் கொஞ்சம் காட்டுங்கள்.

அந்தக் கதையை நான் மீண்டும் அச்சில் கொண்டுவரவிருக்கிறேன். அதில் மூத்தம்மா மாசிச் சம்பல்தான் கேட்பார். அடிக்குறிப்பு இராது.